வெற்று வானம்

பிப்ரவரி 11

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் மச்சானும் அத்தையும் நலம். நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை காபியிலேயே காலத்தை ஓட்டுகிறாயா? அந்தப் பள்ளத்தாக்கில் குளிர் விட்டதா?

செல்போன் கூடாது, வயர்லெஸ் கூடாது, பெட்ரோல் வண்டிகூட உள்ளே வரக்கூடாது என்கிற இடமாகப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறாய். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எழுதலாம்தான். அங்கே உன் தோளுக்குப் பின்னால் நாலு தலை எட்டிப் பார்க்கும். அதனால் காகிதம். வாரத்துக்கு ஒரு தபால் வண்டி வரும் என்றாயே, அது போதும்.

புது வீடு எப்படி என்று கேட்டாய். மாடியில் இரண்டு அறை. மரப்பலகைத் தரை, கால் வைத்தால் முனகும். கீழே தகரக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்குவதில் ஆரம்பித்தால் வெட்டுவதும் தட்டுவதும் மடிப்பதுமாகச் சாயந்திரம் வரை ஓயாது. முதல் வாரம் எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. பட்டாணி அசையவே இல்லை. ஏழு மாதக் குழந்தை, அந்தக் களேபரத்துக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். கடைக்காரரே மனசு கேட்காமல் படியேறி வந்தார். "பாப்பாவுக்குத் தொந்தரவா இருக்குமேம்மா, மதியம் கொஞ்ச நேரம் நிறுத்திக்கவா?" என்றார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பேத்தி இதுக்கெல்லாம் அசர மாட்டா. பொறந்ததுலேருந்தே சமத்து" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

உன் குவாசர்களைப் பற்றி எழுது. நான் பாதியில் போட்டுவிட்டு வந்த ஆராய்ச்சியை என் தம்பியே கையில் எடுத்திருக்கிறான் என்பதில் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. ஒன்று மட்டும் கேட்கிறேன். ரேடியோவில் அமைதியான குவாசர் என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறோமே, அவற்றில் உண்மையாகவே ஒன்றுமே இல்லாதவை உண்டா? அவசரமில்லை. முடிந்தால் சீக்கிரம் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

—

மார்ச் 1

ஹெட்மாஸ்டர் அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எடை மட்டும் ஏறவில்லை. நீ வைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டாமா.

நான் உட்காரும் அறையின் சுவர் முழுக்க இரும்புத் தகடு. கதவைச் சாத்தினால் பேங்க் பெட்டகத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. எங்கள் கம்ப்யூட்டர்கள் கசியவிடும் அலைகூட, வெளியே வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரக் கூடாதாம். சமையல்காரர் ஆசைப்பட்டு ஒரு மைக்ரோவேவ் வாங்கி வந்துவிட்டார். ஒரு வாரம் விசாரணை. "சாப்பாட்டைச் சுட வச்சதுக்கா சார் இவ்ளோ பெரிய கேஸு?" என்று என்னிடம் வந்து அழுதார்.

உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், அதே பாட்டை உனக்கும் பாடுகிறேன். தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் ராட்சதக் கருந்துளை உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள வாயுவை விழுங்குகிறது. விழப்போகிற வாயு சூடேறி, மொத்த மண்டலத்தையும் மங்கவைக்கிற அளவுக்கு ஒளிர்கிறது. அதுதான் குவாசர். பத்தில் ஒன்று, விழுங்க வந்ததில் கொஞ்சத்தை இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சியடிக்கும். அந்தத் தாரையில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுருண்டு ஓடும். அதுதான் நமக்கு ரேடியோ அலையாக வந்து சேருகிறது. இவர்கள் சத்தக்காரர்கள். மற்ற ஒன்பதும் ஊமைகள். இங்கே எல்லோருமே அப்படித்தான் சொல்கிறோம். என் பலகையில் 'ஊமைப் பட்டியல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அசல் ஊமை உண்டா என்றால், தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. அதனால் அடுக்குகிறேன். வானப் படத்தில் ஒவ்வொரு ஊமை இருக்கும் இடத்தையும் சின்னச் சதுரமாக வெட்டி, ஆயிரக்கணக்கான சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், இரைச்சல் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். அடியில் முணுமுணுப்பு ஏதாவது இருந்தால் நடுவில் ஒரு புள்ளியாகத் தேறும். தேறிய பிறகு, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. கருந்துளையே முணுமுணுக்கிறதா, அதைச் சுற்றிப் பிறந்து வெடித்துச் சாகிற நட்சத்திரங்களா? இந்தச் சண்டையில் எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதலில் அவர்களைத்தான் அடுக்க வேண்டும்.

மச்சானையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.
தம்பி

பி.கு: மூன்று பேர் நலம் என்று எழுதியிருக்கிறாய். பட்டாணியை விட்டுவிட்டாய். மறதியா?

—

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

மறதி இல்லை. எழுத வரவில்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பட்டாணிக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதிவிட்டேன். இந்த வீட்டில் இதை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஜனவரியில் சமையலறை அலமாரியிலிருந்து பெரிய பாத்திர மூடி ஒன்று நழுவி ஜன்னல் திண்டில் விழுந்து சுழன்று அடங்கியது. அடுத்த அறையில் அத்தை "ஐயையோ" என்று எழுந்து உட்கார்ந்தார். என் இடுப்பில் இருந்தவள் என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். கண் இமைகூட அடிக்கவில்லை. அன்றைக்கு ஒரு சந்தேகம் உள்ளே போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு தகரக் கடைக்கு மேலே அவள் தூங்குவதை யாராவது மெச்சினால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

உன் மச்சானிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் கெட்டதுதான் முதல்ல தெரியும்" என்றார். அப்புறம் அவளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பாட்டுப் பாடினார். சிரித்தாள். "பார், சிரிக்கிறா" என்றார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வயசு வரைக்கும் பாக்கலாம். சில குழந்தைங்க லேட்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் கருவி வைத்துப் பார்ப்பார்களாம். சீட்டு எழுதித் தந்திருக்கிறார். கைப்பையில் இருக்கிறது.

அத்தை என்னிடம் நேராகக் கேட்பதில்லை. பட்டாணியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசுகிறார். "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையேடி கண்ணு. இது எங்கேருந்து வந்துச்சு?" கருவுற்றிருந்தபோது எனக்கு வந்த காய்ச்சலா, அதற்குச் சாப்பிட்ட மாத்திரையா, அந்த மாதம் பஸ்ஸில் போனதா? உட்கார்ந்து யோசித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாப் பட்டியலும் என்னிடம்தான் வந்து முடிகிறது.

ஒன்று செய். உன் பலகையில் இருக்கிற அந்த வார்த்தையை அழித்துவிடு. எனக்கு எழுதும் கடிதத்திலும் வேண்டாம்.

அக்கா

—

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு தபால் வண்டியைத் தவறவிட்டேன்.

பலகையை அழித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "ஏன்டா, பட்டியலையே தொலைச்சுட்டியா?" என்றார். பெயரை மட்டும்தான் தொலைத்தேன் என்றேன். புதுப் பெயர் இன்னும் வைக்கவில்லை. தலைப்பு இல்லாமல் பட்டியல் மட்டும் இருக்கிறது.

சீட்டு கைப்பையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் எப்போது வரச் சொன்னார்கள் என்று எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த நேரத்தில் சொல்லலாமா என்று தெரியாமல்தான் சொல்கிறேன். புள்ளி தேறியிருக்கிறது அக்கா. மொத்தப் பட்டியலையும் அடுக்கினேன். நடுவில், சந்தேகமே இல்லாமல், ஒரு புள்ளி. தனித்தனியாக ஒரு முனகல்கூட இல்லாதவை, சேர்ந்து நின்றால் முணுமுணுக்கின்றன. எங்கள் பெரியவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் யாருக்காகவும் நாற்காலி இழுப்பவர் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிவதெல்லாம் ஒன்றும் இல்லாதது கிடையாது. வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பட்டாணிக்கு ஒரு முத்தம். மச்சானிடம் கோபித்துக்கொள்ளாதே.
தம்பி

—

ஏப்ரல் 15

என் தங்கத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நாலு பேரும். எண்ணிப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே ஆரம்பித்தேன். ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தது என் முட்டாள்தனம். நாமெல்லாம் அப்படியா படித்தோம்? ஒன்றை அளந்துவிட்டு யாராவது ஓய்வார்களா? அவள் தரையில் உட்கார்ந்து விளையாடும்போது கரண்டியும் தட்டுமாகப் பின்னால் போய் நிற்கிறேன். தட்டுகிறேன். திரும்பினால் ஒரு கோடு, திரும்பாவிட்டால் ஒரு புள்ளி. காலண்டரின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. கோடுகள்தான் அதிகம், தம்பி. பாதிக்கு மேல் நன்றாகவே அதிகம். உன் மச்சானிடம் காட்டினேன். என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார். சாயந்திரம் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்தார். அத்தைகூட, "கரண்டிச் சத்தம் தாங்கல, உனக்குத்தான் காது கேக்கல போலிருக்கு" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு வீடு தேறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி ஹெட்மாஸ்டர் வேலை. உன் புள்ளியைப் பற்றி இரண்டு கேள்வி. வெற்று வானத்தை அடுக்கிப் பார்த்தாயா? குவாசரே இல்லாத இடங்களாகப் பார்த்து, அதே மாதிரி வெட்டி, அதே மாதிரி அடுக்கினால் நடுவில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், புள்ளி வானத்தில் இல்லை, உன் கையில் இருக்கிறது. இரண்டாவது, அடுக்கும்போது படங்களை நகர்த்துகிறாயா? நான் அந்தக் காலத்தில் செய்த தப்பு அது. குவாசர் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியாது என்று, நடுவுக்குப் பக்கத்தில் எது பிரகாசமோ அதை நடுவுக்கு இழுத்து வைத்து அடுக்குவேன். இரைச்சலிலும் ஏதோ ஒரு துளி பிரகாசமாகத்தான் இருக்கும். அதையெல்லாம் இழுத்து நடுவில் கொண்டுவந்து வைத்தால் புள்ளி வராமல் என்ன செய்யும்? திரும்பப் போகிறதைப் பார்த்து

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன். உடம்பு பத்திரம்.

அக்கா

—

மே 4

ஹெட்மாஸ்டருக்கு,

இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வெற்று வானத்தை அடுக்கினேன். குவாசர் இல்லை, ஒன்றும் இல்லை, காலி இடங்கள். நடுவில் புள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறது. அசல் புள்ளிக்குத் தம்பி மாதிரி.

நகர்த்தியிருக்கிறேன் அக்கா. கம்ப்யூட்டர் நிரலில் ஒரே ஒரு வரி. நானே எழுதியது. எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை மாதமாக வெற்று வானத்தை ஏன் பார்க்கவில்லை என்று பெரியவர் கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அவர் நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார். எனக்குக் கொடுத்திருக்கும் காலம் இந்த வருஷத்தோடு முடிகிறது.

உன் கடிதத்தில் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. 'திரும்பப் போகிறதைப் பார்த்து' என்று எழுதியிருக்கிறாய். குவாசர் எங்கும் திரும்பாது. நீ யாரைப் பற்றி எழுதத் தொடங்கினாய்?

ஒரு நாள் கரண்டியோடு பின்னால் போய், தட்டாமல் நின்று பார். கேட்கிறேன் என்று கோபப்படாதே.

தம்பி

—

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் போதும்.

ஒரு மாதமாகத் தபால் வண்டி எனக்கு ஆபீஸ் சுற்றறிக்கை மட்டும்தான் கொண்டுவருகிறது. நேற்று ஆபீஸ் மேசையில் இருக்கும் ஒரே போனில் உங்கள் வீட்டுக்குப் பேசினேன். அத்தைதான் எடுத்தார்.

"அவ படுத்திருக்கா தம்பி."

"மத்தியானத்துலயா? உடம்பு சரியில்லையா அத்தை?"

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. கரண்டியைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டா. புள்ளைய மட்டும் இறக்கி விடவே மாட்டேங்கறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காத. உங்க பக்கம் யாருக்காவது காது..." என்றார்.

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "அதான், எங்க பக்கமும் இல்ல" என்றார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். போன் சரியில்லாமலும் இருக்கலாம்.

நான் அன்றைக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று தினமும் நினைக்கிறேன். திட்டியாவது எழுது.

தம்பி

—

ஜூன் 14

தம்பிக்கு,

செய்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே. அந்தப் பாதி வாக்கியத்தை எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கரண்டியை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி நடந்து, அதே இடத்தில் நின்றேன். தட்டவில்லை. திரும்பினாள்.

மறுபடி போனேன். தட்டவில்லை. திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மரப்பலகைத் தரை, நான் கால் வைத்தால் அவளுக்கு அடியில் அதிரும். என் நிழல் அவள் பொம்மை மேல் விழும். எல்லாவற்றையும் விட மோசம், அவள் விளையாட்டில் அலுத்துத் தலையைத் தூக்குகிற நேரம் பார்த்துத்தான் இத்தனை நாளும் நான் தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோட்டையும் நானே நடுவுக்கு இழுத்து வைத்திருக்கிறேன். உனக்கு எழுதிய அதே கையால். வெறுங்காலோடு சுவர் ஓரமாகப் போய், நிழல் விழாத இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. ஒன்றுகூட இல்லைடா.

அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் காதருகே வாயை வைத்துக் கத்தினேன். அவள் பெயரைச் சொல்லித்தான். கீழே சுத்தியல் நின்றுவிட்டது. கடைக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார், "அம்மா, என்னாச்சும்மா?" என்று. பட்டாணி என் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாகத் திறந்த வாய் அவளுக்கு ஒரு விளையாட்டு.

அவளுக்கு ஒரு வருஷமாகத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன். யாருக்குப் பாடினேன்?

உன் மச்சான் கிலுகிலுப்பையை இன்னும் ஆட்டுகிறார். அது ஆடுவதை அவள் பார்க்கிறாள், அவருக்கு அது போதுமாக இருக்கிறது. அத்தை இப்போது 'எங்கேருந்து' என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். கேட்டாலே தேவலை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதப்போகிறாய், தெரியும். அங்கே கருவியும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் எதை அளப்பேன்? இப்போது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் பொய்யாக இருக்கிறது.

எனக்கு நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமாக இரு.

அக்கா

—

ஜூன் 25

அக்கா,

இது நீளமாக இருக்காது, வண்டி கீழே நிற்கிறது.

நீ வீட்டில் அளந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதற்குத்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் புள்ளியைத் திரும்பத் திரும்ப அழகாக வரைந்துகொண்டிருந்ததும் வெற்று வானத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான்.

அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். எதையும் நகர்த்தவில்லை. புள்ளியில் பெரும்பகுதி போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. அடியில் மெல்லியதாக ஒன்று நிற்கிறது. வெற்று வானத்தில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. சின்னது, ஆனால் என் கை வைத்தது இல்லை.

எங்கிருந்து வருகிறது என்பது அப்புறம், அது வருஷக்கணக்கில் நடக்கிற சண்டை. வருகிறதா என்பது முதல் கேள்வி. அதைக் கேட்காமல் இதைக் கேட்டு நாமெல்லாம் ஒருவரையொருவர் சாகடித்துக்கொண்டிருக்கிறோம். அத்தையிடமும் இதைச் சொல். வேண்டாம், நான் போனில் சொல்கிறேன்.

சீட்டைக் கைப்பையிலிருந்து எடு.

தம்பி

—

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

நேற்றுப் போனோம். அத்தையும் கிளம்பிவிட்டார். நீ போனில் என்ன சொன்னாயோ, அவரே முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பட்டாணியை மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

சோதனை அறையைப் பார்த்ததும் எனக்கு உன் அறைதான் ஞாபகம் வந்தது. தடித்த கதவு, சுவரெல்லாம் மெத்தை, அதற்கு உள்ளே தகடு. சோதனை செய்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "போனை எல்லாம் ஆஃப் பண்ணி வெளியே வச்சிடுங்க. மெஷினுக்கு ஆகாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டார். "என் தம்பியும் இப்படித்தான் ஒரு ஆபீஸ்ல இருக்கான்" என்றேன். "அவரும் காது பாக்கறவரா?" என்றார். "ஆமா, கொஞ்சம் தூரத்துக் காது" என்றேன். பல மாதம் கழித்து நான் அடித்த ஜோக். உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

குழந்தை தூங்கினால்தான் பார்க்க முடியுமாம். தூங்கவைப்பதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. நெற்றியில் ஒன்றும் காதுகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றுமாகச் சின்ன ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வழியாக டிக் டிக் என்று சத்தம் போகும். ஒவ்வொரு டிக்குக்கும் காது நரம்பு பதில் சொல்கிறதா என்று கருவி பார்க்கும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது, மூளை எப்போதும் ஏதாவது இரைந்துகொண்டே இருக்கும், அதனால் ஆயிரக்கணக்கில் டிக் கொடுத்துச் சராசரி எடுப்போம் என்று அந்தப் பெண் விளக்கினார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுக்குகிறார்கள் தம்பி. என் குழந்தையை அடுக்குகிறார்கள்.

இடது காதில் ஒன்றும் இல்லை. சத்தத்தை எவ்வளவு கூட்டியும் திரையில் கோடு நேர்கோடாகவே இருந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டார். வலது காது. முதலில் ஒன்றும் இல்லை. கூட்டினார். இல்லை. கருவியால் முடிகிற கடைசிச் சத்தம் வரைக்கும் கூட்டினார். கோட்டில் ஒரு இடத்தில் லேசாக ஒரு மேடு எழுந்தது. மேடு என்றுகூடச் சொல்ல முடியாது. விரிப்பில் ஒரு சின்னச் சுருக்கம் மாதிரி.

"இது... இருக்கற மாதிரிதான் தெரியுது" என்றார், சந்தேகமாக.

என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதனால்தான் கேட்டேன். "சத்தம் போகாம ஒரு தடவை ஓட்டுவீங்களா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடுத்து அதைத்தான் செய்யப்போறேன். யாரும் கேட்டதில்ல. வேண்டாம்னு கூடச் சொல்லுவாங்க" என்றார். குழாயை இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். டிக் டிக் என்று கருவி அதுபாட்டுக்கு ஓடியது, அவள் காதுக்குள் மட்டும் போகவில்லை. நான் திரையைப் பார்க்காமல் பட்டாணியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். மேடு இல்லை. படுத்துக் கிடந்தது கோடு. இடுக்கியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதே இடத்தில், அதே சுருக்கம்.

டாக்டர் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. காதுக்குக் கருவி மாட்டிப் பார்க்கலாம், போதாவிட்டால் அறுவை சிகிச்சை, அதுவும் எவ்வளவு தூரம் பலன் தரும் என்று இப்போதே சொல்ல முடியாது, பேச்சு வர வருஷங்கள் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். உன் மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நாளும் கிலுகிலுப்பையை ஆட்டியவர். அவருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அத்தை என் முழங்கையைப் பிடித்தார். "எங்கேருந்து வருதாம்? என்ன சொன்னாங்க?" என்றார். பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வருது அத்தை" என்றேன். "எங்கேருந்துன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் என் முழங்கையை விட்டார். பிறகு பட்டாணியை வாங்கிக்கொண்டு அவள் வலது காதில் வாயை வைத்து ஏதோ சொன்னார். நான் என்ன என்று கேட்கவில்லை. அவள் திரும்பினாளா என்று பார்க்கவும் இல்லை.

இத்துடன் அந்தப் பெண் அச்செடுத்துக் கொடுத்த தாளின் நகல் இருக்கிறது. மூன்று கோடு. மேலேயும் கீழேயும் இருப்பவை சத்தத்தோடு எடுத்தவை. நடுவில் இருப்பது வெற்று வானம். உன் இரும்பு அறையில் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். பெரியவரிடமும் காட்டு, அவர் நாற்காலி இழுக்காவிட்டால் பரவாயில்லை. உனக்கும் அந்த மேடு தெரிகிறதா என்று மட்டும் எழுது.

நான் எதையும் நகர்த்தவில்லைடா.

அக்கா